கொல்லைப்புறத்து வேலிகாத்தான்

(ஜும்ஆத் தொழுகைக்குப் பின் நடந்த மஹல்லா கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை. கூட்டத்துக்கு வர முடியாதவர்களுக்காகவும், விவரம் கேட்டு அனுப்பிய தாய்மார்களுக்காகவும் இங்கே எழுத்தில் தருகிறோம்.)





வழக்கமாக இந்தக் கூட்டத்தில் கல்வி உதவி, குமர் காரியம், மருத்துவச் செலவு என்று பேசுவோம். இன்று ஒரு மரத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். "செயலாளருக்கு வேறு வேலை இல்லையா?" என்று யாராவது நினைத்தால், மருத்துவ உதவி கேட்டு வந்த மனுக்களைப் பார்க்கச் சொல்வேன். காலில் முள் குத்தி, அது உள்ளேயே ஒடிந்து, சீழ் பிடித்து வந்தவர்கள் அதில் இருக்கிறார்கள். நம் தோணிரேவில் ஒரு தாயாருக்குக் கால் விரலையே எடுக்க வேண்டி வந்தது. அவருக்குப் பல வருடமாகச் சர்க்கரை. பாதத்தில் உணர்வு குறைந்துபோயிருந்ததால் முள் ஏறியதே அவருக்குத் தெரியவில்லை. தெரிந்தபோது பாதம் கறுத்திருந்தது. துணி காயப்போடத் தன் வீட்டுக் கொல்லைக்குத்தான் போயிருந்தார்.

அந்த முள் வேலிகாத்தான் முள். தெற்கே சீமைக் கருவேலம் என்பார்கள், சில ஊர்களில் வேலிக்கருவை. எந்தப் பெயரில் அழைத்தாலும் மரம் ஒன்றுதான். ஏரிக்கரை, பள்ளிக்கூடத்துப் பின்புறம், கபரஸ்தான், பூட்டிக் கிடக்கும் வீட்டு மனை என்று அது இல்லாத இடம் இல்லை.

இது நம் நாட்டு மரமல்ல. மத்திய அமெரிக்கா, கரீபியத் தீவுகள் பக்கத்தைச் சேர்ந்தது. 1876-ல் பெட்டோம் என்ற வெள்ளைக்கார வன அதிகாரி, இதன் விதை வேண்டும் என்று சென்னை அரசுக்கு எழுதினார். மறு வருடம் கடப்பைப் பக்கம் கமலாபுரத்தில் நட்டார்கள். வறண்ட பூமிக்கு விறகு வேண்டும் என்பதுதான் நோக்கம். காமராஜர் காலத்தில் விமானத்திலிருந்து தூவினார்கள் என்று டீக்கடையில் சொல்வார்கள். அவர் முதலமைச்சர் ஆவதற்கு எழுபத்தைந்து வருடத்துக்கும் முன்பே மரம் இந்த மாகாணத்துக்கு வந்துவிட்டது.

நன்மையே செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. கேஸ் அடுப்பு வராத காலத்தில் நம் உம்மாமார்கள் பலருக்கு அடுப்பெரித்தது இந்த விறகுதான். கல்யாண வீட்டு பிரியாணி தேக்சாவுக்கு இன்றைக்கும் இதைத்தான் தேடுகிறோம். ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் பக்கம் இதைக் கரியாக்கி விற்றுப் பிழைக்கும் குடும்பங்கள் ஏராளம். அதனால் இந்த மரத்தைச் சபித்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஊருக்கு வெளியே விறகுக்கு என்று கொண்டுவந்த மரம் இன்று வீட்டு வாசல்வரை வந்துவிட்டது. அதைப் பற்றித்தான் பேச்சு.

வாட்ஸ்அப்பில் சுற்றுவதையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். இந்த மரம் ஆக்சிஜனே விடாது, கரியமில வாயுவை மட்டும்தான் விடும், இதன் நிழலில் நின்றால் பிள்ளைப்பேறு இருக்காது என்றெல்லாம் அனுப்புகிறார்கள். எல்லாம் பொய். பச்சை இலை உள்ள எந்த மரமும் வெயிலில் ஆக்சிஜன் விடத்தான் செய்யும். போன வாரம் ஒரு தங்கை, மருமகளுக்குக் குழந்தை இல்லாததற்குப் பக்கத்து மனை மரம்தான் காரணம் என்று என்னிடமே சொன்னார். மருமகளை நல்ல டாக்டரிடம் காட்டுங்கள், கூடவே மகனையும் காட்டுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். உண்மையான கெடுதல் போதுமான அளவுக்கு இருக்கும்போது பொய்யைச் சேர்க்க வேண்டியதில்லை.

உண்மையான கெடுதல் என்ன? ஒன்று, முள். இரண்டாவது, தன் கீழே வேறு செடியை வளர விடாது. ஓலைப் பின்னல் வேலை செய்யும் நம் வீட்டுப் பெண்களைக் கேட்டுப் பாருங்கள். பனங்கன்று முளைத்து நின்ற இடமெல்லாம் இன்று முள்ளுக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது, குருத்தோலை வெட்டப் போகிறவருக்கு மரத்தடிக்கே வழியில்லை. மூன்றாவது, புதருக்குள் பாம்பு. நான்காவது, இதன் பூந்தூள் ஆஸ்துமா, மூக்கடைப்பு உள்ளவர்களுக்கு ஆகாது. வலை காயப்போடுகிறவர்களின் சிரமத்தை நான் சொல்லவே வேண்டாம்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நாம் இந்த மரத்தை வெட்டவே இல்லையா? வருடா வருடம் வெட்டுகிறோம். ரமலானுக்கு முன்னால் ஒரு தடவை, பெருநாளுக்கு முன்னால் ஒரு தடவை அரிவாளை எடுக்கிறோம். ஆனாலும் போன வருடம் ஒற்றைத் தண்டாக நின்ற இடத்தில் இந்த வருடம் ஏழெட்டுத் தண்டு நிற்கிறது. காரணம் மரத்தின் அமைப்பில் இருக்கிறது. தண்டும் வேரும் சேரும் இடத்தில், மண்ணுக்குக் கீழே, இதற்கு உறங்கும் மொட்டுகள் உண்டு. மேலே வெட்டினால் அவை அத்தனையும் விழித்துக்கொள்ளும். தீ வைத்தாலும் அப்படித்தான், மேலே கருகும், அடியில் உயிர் இருக்கும். அரிவாளால் வெட்டி வெட்டி, ஒரு மரத்தை நாமே புதராக்கி வளர்த்துக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே எடுப்பதானால் வேர்க்கழுத்தோடு எடுக்க வேண்டும். சுற்றிலும் மண்ணைத் தோண்டி, ஒரு அடி ஆழத்துக்குக் குறையாமல் போய், அந்த முண்டு முழுவதும் வெளியே வரும்படி அறுத்து எடுக்க வேண்டும். கீழே போகும் ஆணிவேரைக் கடைசிவரை தேடிப் போக வேண்டியதில்லை. முண்டு வந்துவிட்டால் மீதி வேர் தானே மக்கிவிடும். முண்டில் பாதி மிஞ்சினால் செய்த வேலை வீண்.

இதற்கு ஏற்ற காலம் இதுதான். மழை ஓய்ந்து மண் இன்னும் ஈரமாக இருக்கிறது. தையிலும் மாசியிலும் தோண்டுவது எளிது. கோடையில் காய் பழுத்து உதிர ஆரம்பித்துவிட்டால் விதையும் கூடவே மண்ணில் இறங்கிவிடும். முழங்கால் உயரத்துக்குள் இருக்கும் கன்றைக் கையுறை போட்டு இழுத்தாலே வந்துவிடும். பிள்ளைகளை வைத்து அந்த வேலையைச் செய்ய வேண்டாம். கண் உயரத்தில் முள் கிளை திரும்பி அடித்தால் பார்வை போய்விடும்.

ஆட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இதன் காய் இனிப்பானது, ஆடு மாடு விரும்பித் தின்னும். மெல்லப்படாமல் தப்பிய விதை வயிற்றுக்குள் போய்ப் புழுக்கையோடு வெளியே வரும்போது முன்னைவிடச் சீக்கிரம் முளைக்கிறது. மேல் ஓடு இளகி, கூடவே எருவும் கிடைத்துவிடுகிறது. குர்பானிக்கு வெளியூரிலிருந்து ஆடு வாங்கி வந்து காலி மனையில் கட்டுகிறோமே, அடுத்த மழைக்கு அந்த இடத்தைப் போய்ப் பாருங்கள். ஆடு வளர்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. காயைப் பொறுக்கி நன்றாக இடித்தோ அரைத்தோ வையுங்கள், விதை நசுங்கினால் முளைக்காது. அது மட்டுமே தீனியாகவும் இருக்கக் கூடாது, தொடர்ந்து அதையே தின்னும் மாட்டுக்குத் தாடை வேலை செய்யாமல் போகும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். அடிக்கட்டையைச் சாகடிக்கிறேன் என்று மண்ணெண்ணெய், பழைய இன்ஜின் ஆயில், ஆசிட், உப்பு என்று ஊற்றுகிறார்கள். தயவுசெய்து நிறுத்துங்கள். நாம் இருப்பது மணல் திட்டு. நம் கிணற்றுத் தண்ணீர் என்பது கீழே உள்ள உப்புநீரின் மேல் மிதந்து நிற்கும் மழைநீர். மேலே ஊற்றுவது மணல் வழியாக நேரே அதில்தான் போய்ச் சேரும். ஒரு முள் மரத்துக்காக நாலு வீட்டுக் கிணற்றைக் கெடுத்தால் அந்த நாலு வீட்டுக்காரரும் நம்மிடம் கேட்க ஹக்கு உள்ளவர்கள்.

அடுத்தது கொஞ்சம் கசப்பான விஷயம். ஒரு வீட்டுக்காரர் சிரமப்பட்டுத் தோண்டிச் சுத்தம் செய்கிறார். பக்கத்து மனை பூட்டிக் கிடக்கிறது. சொந்தக்காரர் சென்னை மண்ணடியிலோ சவூதியிலோ இருக்கிறார். அல்லது வாப்பா மவ்த்தாகிப் பத்து வருடம் ஆகியும் பாகப்பிரிவினை ஆகவில்லை. ஆறு வாரிசு, ஆளுக்கொரு பேச்சு. நிலத்தின் பேரில் உரிமை கொண்டாட ஆறு பேரும் உண்டு, அதில் வளரும் முள்ளுக்கு ஒருவரும் இல்லை. சுத்தம் செய்த வீட்டில் இரண்டு மழைக்குள் மறுபடி கன்று நிற்கிறது. இது எந்த ஒரு வீட்டையும் குறித்துச் சொன்னதல்ல. நம் மஹல்லாவில் இப்படிப்பட்ட மனை ஒன்றிரண்டு அல்ல என்பது உங்களுக்கே தெரியும்.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் வந்ததல்ல. நம் பழவேற்காட்டில் 1613-ல் கோட்டை கட்டினார்களே டச்சுக்காரர்கள், அவர்களுக்கு ஜப்பானில் நாகசாகி பக்கம் ஒரு வியாபாரத் தலம் இருந்தது. 1820-களில் அங்கே மருத்துவராக இருந்த சீபோல்ட் என்பவர் நிறையச் செடிகளை ஹாலந்துக்குக் கொண்டுபோனார். அவற்றில் ஒன்று ஜப்பான் நாட்வீட். மூங்கில் மாதிரி தண்டு, வெள்ளைப் பூ. அழகுச் செடி என்று 1847-ல் தங்கப் பதக்கமே கொடுத்தார்கள். 1850-ல் அது லண்டன் கியூ தோட்டத்துக்குப் போனது. இன்றைக்குப் பிரிட்டனில் வீடு விற்கிறவர், மனையில் அந்தச் செடி இருக்கிறதா என்று எழுதிக் கொடுக்க வேண்டும். இருந்தால், அதை ஒழிக்க என்ன ஏற்பாடு என்று கேட்காமல் பல வங்கிகள் கடன் தருவதில்லை. 1981-ஆம் வருடத்துச் சட்டம் ஒன்று, அதைக் காட்டில் நடுவதையும் பரவ விடுவதையும் குற்றமாக்கியிருக்கிறது. 2018-ல் அங்கே அப்பீல் கோர்ட்டில் ஒரு தீர்ப்பு வந்தது. வேல்ஸில் ரயில்வே நிலத்திலிருந்த நாட்வீட்டின் வேர் பக்கத்து வீட்டு மனைக்குள் புகுந்துவிட்டது. வீட்டுச் சுவர் இன்னும் இடியவில்லையே என்று ரயில்வே தரப்பு வாதாடிப் பார்த்தது. சுவர் இடிய வேண்டியதில்லை, வீட்டுக்காரர் தன் மனையை நிம்மதியாகப் பயன்படுத்த முடியாமல் போனதே தொல்லைதான் என்று நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். என் நிலத்தில் தானாக முளைத்தது, நான் என்ன செய்ய முடியும் என்ற பதில் அங்கே எடுபடவில்லை.

நம் நாட்டுச் சட்டத்திலும் அண்டை மனையின் கிளையோ வேரோ நம் எல்லைக்குள் வந்தால், வந்த அளவுக்கு நாம் வெட்டிக்கொள்ளலாம். ஆனால் அனுமதி இல்லாமல் அவர் மனைக்குள் இறங்கக் கூடாது. அதனால்தான் சட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு இந்த மரத்தை ஒழிக்க முடியாது. அதன் முண்டு இருப்பது அவர் மனைக்குள். அவர் சம்மதம் வேண்டும்.

2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை பல மாவட்டங்களில் இந்த மரத்தை அகற்றச் சொல்லி உத்தரவு போட்டது உங்களுக்கு நினைவிருக்கும். எங்கு பார்த்தாலும் ஜேசிபி ஓடியது. பிறகு அதே வருடம் தடை, நிபுணர் குழு என்று வழக்கு வளர்ந்தது. 2022-ல் தமிழ்நாடு அரசு அந்நியத் தாவரங்களை அகற்றுவதற்கென்றே ஒரு கொள்கை வெளியிட்டது. அகற்றிய இடத்தில் நம் நாட்டு மரங்களைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்றும் அதில் சொல்லியிருக்கிறார்கள். இந்த இரண்டாவது பகுதிதான் எனக்குப் பிடித்தது. வெறுமனே எடுத்துவிட்டுப் போன இடத்தில் முதலில் முளைப்பது மறுபடியும் இதுவேதான். விதை மண்ணுக்குள் பல வருடம் உயிரோடு கிடக்கும்.

எனவே நிர்வாகக் குழு கூடிப் பேசி எடுத்த ஏற்பாட்டைச் சொல்கிறேன். வீடு வீடாக இல்லாமல் தெருத் தெருவாகச் செய்யப் போகிறோம். குப்பங்களில் ஏரியில் பாடு வைத்திருக்கிறார்களே, யாருக்கு எந்த நாள், எந்த இடம் என்று முறை போட்டு, அதை மீறாமல் நடத்துகிறார்கள். அந்த மாதிரி ஒரு முறை. ஒரு தெருவில் எல்லா மனையும் சுத்தமான பிறகுதான் அடுத்த தெரு. நடுவில் ஒரு மனையை விட்டுவிட்டுப் போவதில்லை. நம் தெருக்களில் வேறு சமுதாயத்துச் சகோதரர்களின் வீடுகளும் உண்டு. அவர்களிடமும் பேசிவிட்டோம், சேர்ந்துதான் செய்கிறோம். விதைக்கு மதம் தெரியாது.

பூட்டிக் கிடக்கும் மனைகளுக்கு வாரிசுதாரர்களிடம் ஒரு சம்மதக் கடிதம் கேட்கிறோம். மரத்தை எடுக்க மட்டுமே அனுமதி, நிலத்தின் பேரில் யாருடைய உரிமையும் இதனால் கூடவோ குறையவோ செய்யாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. வெளிநாட்டில் இருப்பவர்கள் கையெழுத்துப் போட்டுப் படம் எடுத்து அனுப்பினால் போதும். விறகு விற்ற பணத்தில் கூலி போக மீதி இருந்தால் அது அந்த வாரிசுகளின் அமானிதம். கணக்கெழுதித் தருவோம், அறக்கட்டளைக் கணக்கில் சேராது. ஆறு பேரில் ஐந்து பேர் கையெழுத்திட்டு ஒருவர் மறுத்தால் அந்த மனையில் இறங்க மாட்டோம். மறுக்கிறவரிடம் போய்ப் பேசுவது எங்கள் வேலை. நீங்கள் தெருவில் நின்று சண்டை போட வேண்டாம்.

ஏரிக்கரைப் புறம்போக்கில் நாம் யாரும் கை வைக்கக் கூடாது. அது அரசு நிலம், பக்கத்தில் பறவைகள் சரணாலயம். கூடு கட்டும் பறவைக்கு முள் மரமும் மரம்தான். அந்தப் பகுதிக்கு ஊராட்சி வழியாக மனு கொடுத்திருக்கிறோம். பதில் வரும்வரை பொறுத்திருப்போம். நம் பட்டா மனையிலும் கூடு இருந்தால் குஞ்சு பறந்து போகும்வரை அந்த மரத்தை விட்டுவைக்கலாம், ஒன்றும் குடி முழுகிவிடாது.

கபரஸ்தானைப் பற்றிப் பெரியவர்கள் சிலர் கேட்டார்கள். கபர் மேல் உள்ள பச்சையை அகற்றலாமா என்பது கேள்வி. ஹஜ்ரத் அவர்களிடம் கேட்டோம். புல்லும் பூஞ்செடியும் இருக்கட்டும், ஜனாஸாவைத் தூக்கி வருகிறவர்களின் காலைக் குத்தும் முள்ளை எடுப்பது தவறில்லை, எடுப்பதே நல்லது என்றார்கள். வழியில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது பற்றி மதரஸாவில் முதல் வருடத்துப் பிள்ளைக்கும் தெரியும், நான் விரிக்கவில்லை. குழி வெட்டுகிறவர்கள் வேரோடு போராடுவதை நாம் ஒவ்வொரு ஜனாஸாவிலும் பார்க்கிறோம். ஆனால் அங்கே ஜேசிபி கிடையாது. கைவேலைதான். பழைய கபர்களின் மேல் நிற்கும் மரங்களைத் தோண்டாமல், தரையோடு அறுத்து, துளிர் வரவர ஒடித்துக்கொண்டே இருப்போம். இரண்டு மூன்று வருடம் விடாமல் செய்தால் அடிக்கட்டை களைத்துப்போகும். இதற்கு மாதம் ஒருமுறை ஆள் வேண்டும். இளைஞர்கள் பெயர் கொடுங்கள்.

வேலை செய்ய வருகிறவர்கள் பெரும்பாலும் இருளர் சமுதாயத்துக் குடும்பங்கள். மரம் வெட்டு, செங்கல் சூளை, அரிசி ஆலை என்று முன்பணம் வாங்கிவிட்டு, அந்தக் கடனுக்காகக் குடும்பத்தோடு கட்டுண்டு கிடந்த இருளர்களை அதிகாரிகள் மீட்ட செய்தி நம் மாவட்டத்திலிருந்தே எத்தனையோ முறை வந்திருக்கிறது. கொத்தடிமை முறை 1976-லேயே சட்டப்படி ஒழிந்தது, நடப்பில் ஒழியவில்லை. அதனால் நிர்வாகம் ஒரு முடிவெடுத்திருக்கிறது. இடைத்தரகர் கிடையாது. ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியாக, அவரவர் கையில், அன்றன்றைக்கே கூலி. பூட்ஸ், கையுறை, கண்ணாடி நாம் கொடுப்போம். முள் குத்தினால் ஊசிச் செலவும் நம்முடையது. "கொஞ்சம் குறைத்துப் பேசுங்களேன்" என்று ஒரு சகோதரர் சொன்னார். குறைத்துப் பேச மாட்டோம். முள்ளில் இறங்குகிற வேலை அது.

விறகு பொறுக்கி அடுப்பெரிக்கும் வீடுகள் நம்மிடையே இன்னும் இருக்கின்றன. பெயர் சொல்ல வேண்டியதில்லை. மரத்தை எடுத்துவிட்டால் அவர்கள் எதை எரிப்பார்கள் என்று தாய்மார்கள் பக்கமிருந்து ஒரு சீட்டு வந்தது. எழுதியவருக்கு அல்லாஹ் நற்கூலி தரட்டும். வெட்டிய விறகில் முதல் பங்கு அந்த வீடுகளுக்குத்தான், மீதிதான் விற்பனைக்கு. கேஸ் இணைப்பு இல்லாதவர்களின் விண்ணப்பத்தை நம் அலுவலகத்திலேயே பூர்த்தி செய்து தருகிறோம்.

எடுத்த இடத்தில் என்ன வைப்பது? வேலிக்குக் கிளுவைப் போத்து நடலாம், நொச்சியும் வரும். நிழலுக்குப் பூவரசு, புங்கம். இரண்டும் உப்புக் காற்றைத் தாங்கும். வேம்பு எல்லாருக்கும் தெரிந்தது. ஏரிப் பக்கம் உள்ளவர்கள் பனங்கொட்டை போடுங்கள். ஓலை வெட்டும் அளவுக்கு வளர வருடக்கணக்காகும் என்றாலும் பின்னல் வேலை நம் பேத்திகளுக்கும் வேண்டுமே. எதை வைத்தாலும் மூன்று வருடத்துக்கு மழை முடிந்ததும் ஒரு தடவை குனிந்து பாருங்கள், வேலிகாத்தான் கன்று தெரிந்தால் அப்போதே இழுத்துவிடுங்கள்.

முள் குத்தியவர்களுக்கு ஒரு வார்த்தை. ஊக்கால் குடைய வேண்டாம். சுண்ணாம்பு, மஞ்சள் என்று மூடிவைக்கவும் வேண்டாம். நுனி உள்ளே ஒடிந்ததாகச் சந்தேகம் இருந்தால் அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்க் காட்டி, டி.டி. ஊசி போட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் இரவு படுக்கும் முன் பாதத்தைக் கண்ணால் பாருங்கள். குனிய முடியாதவர்களுக்குப் பேரப்பிள்ளை பார்த்துச் சொல்லட்டும். கொல்லைக்குப் போனாலும் செருப்பு போடுங்கள். தெருவுக்குத்தான் செருப்பு, கொல்லைக்கு வெறுங்கால் என்ற பழக்கம் நம் பெண்களுக்கு ஏன்தான் வந்ததோ!

அறக்கட்டளையில் கடப்பாரை, மண்வெட்டி, கைரம்பம், நீளப்பிடி அரிவாள் வாங்கி வைத்திருக்கிறோம். எடுத்துப் போகிறவர்கள் நோட்டில் கையெழுத்திட்டு, மூன்றாம் நாள் திருப்பித் தர வேண்டும். சம்மதக் கடிதத்தின் படிவம் அசருக்குப் பின் அலுவலகத்தில் கிடைக்கும். இன்ஷா அல்லாஹ், வரும் ஞாயிறு ஃபஜ்ருக்குப் பின் பள்ளிவாசலுக்குப் பின்னாலுள்ள முதல் தெருவில் தொடங்குகிறோம். அந்தத் தெருவில் மனை பூட்டிக் கிடப்பவர்களின் உறவினர்கள் யாராவது இங்கே இருந்தால், கூட்டம் முடிந்ததும் என்னைப் பார்த்துவிட்டுப் போங்கள்.